உயிரைத் திருத்தி எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் நடத்துகிறேன். நூலகம், பள்ளிக்கூடம், உழவர் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுவதுண்டு. மைக் பிடித்துக் கேட்கும் கேள்விகள் ஒரு ரகம். கூட்டம் கலைந்த பிறகு டீ கிளாஸோடு ஓரமாக வந்து கேட்பவை இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைப்பேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே போட்டிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்கவில்லை.

"மரபணு மாற்றம்னா என்ன சார்? ஒட்டுமாங்கன்று போடுறதும் அதுதானே?"

இல்லை. ஒட்டுக்கட்டும்போது அடிமரம் தன் மரபணுவோடு இருக்கும், மேலே ஒட்டிய கிளை தன் மரபணுவோடு இருக்கும். இரண்டு ரகங்களுக்கு மகரந்தம் சேர்த்து வீரிய ரகம் எடுப்பது அடுத்த படி. அங்கே மரபணுக்கள் கலக்கின்றன, ஆனால் எது எதோடு கலக்கும் என்பது நம் கையில் இல்லை.

மரபணு மாற்றத்தில், வேண்டிய ஒரு மரபணுவை மட்டும் இன்னொரு உயிரிலிருந்து எடுத்துப் புகுத்துகிறோம். காய்ப்புழுவைக் கொல்லும் பி.டி. பருத்திக்குள் இருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. மரபணுத் திருத்தம் வேறு. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், உள்ளே இருக்கும் எழுத்தையே வெட்டித் திருத்தலாம். கிரிஸ்பர் என்று செய்தியில் வருவது இந்தக் கத்தரிக்கோல்தான். இதற்கும் மேலே ஒரு படி உண்டு: ஒரு உயிரின் மரபணுக்கள் அடங்கிய முழு டி.என்.ஏ.வையும் ரசாயனமாகக் கோத்து எழுதுவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"மனுஷன் ஆயிரக்கணக்கான வருஷமா பயிரை மாத்திக்கிட்டுத்தானே இருக்கான்? இப்ப மட்டும் என்ன புதுசா தர்மசங்கடம்?"

பாதி சரி. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு நிலையத்தில், இனிப்புக் கரும்பையும் ஆற்றங்கரை நாணலையும் இணைத்து 'கோ 205' என்ற ரகத்தை எடுத்தார்கள். 1918இல் அது பஞ்சாப் வயலுக்கே போனது. பிறகு அதே நிலையத்தில் வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானி கரும்பை மூங்கிலோடுகூடச் சேர்த்துப் பார்த்தார். கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1960களில் மெக்சிகோவின் சிவப்புக் கோதுமையைக் கதிர்வீச்சில் வைத்து, நம் சப்பாத்திக்குப் பிடித்த பொன்னிறத்தில் 'சர்பதி சொனோரா'வைக் கொண்டுவந்தார். கதிர்வீச்சு எங்கெங்கே எதை உடைத்தது என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஊர்வலமும் போகவில்லை.

ஆகவே 'இயற்கையா, செயற்கையா' என்ற சல்லடை எனக்கு உதவுவதில்லை. நாணல் கலந்த கரும்பு அதில் எந்தப் பக்கம் விழும்? நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் வேறு. தப்பாகப் போனால் திரும்ப எடுக்க முடியுமா? நட்டம் யார் தலையில் விழும்? அவரிடம் முதலில் கேட்டார்களா? இந்த மூன்றும் அன்றைக்கும் இருந்தன. இன்று ஆய்வகத்திலிருந்து வயலுக்குப் போகும் வேகமும், விதையின்மேல் உரிமை கொண்டாடுவதும் கூடிவிட்டதால் உரக்கக் கேட்கவேண்டியிருக்கிறது.

"இது கடவுளோட வேலையில கை வைக்கிறதில்லையா?"

இதை என்னிடம் கேட்ட ஒரு அம்மாவின் பையில் ஒரு டிபன் டப்பா இருந்தது. அதற்குள் துணியில் சுற்றிய ஐஸ், ஐஸுக்கு நடுவில் மகனுக்குப் போடும் இன்சுலின். 1920களிலிருந்து பல பத்தாண்டுகள் இன்சுலின் என்பது பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து பிழிந்தெடுத்ததுதான். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தார்கள், 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. இதைச் சொன்னதும் அவர் டப்பாவை ஒரு முறை பார்த்தார். "அப்போ இதுவும் அதுதானா?"

அதை வைத்து அவரை மடக்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தக் கேள்வியை கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் கேட்கலாம். முழுதாகப் புரியாத ஒன்றில் கை வைக்க நமக்கு என்ன தகுதி என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மரியாதையான கேள்வி அது. இன்சுலின் விஷயத்தில் என் பதில் சுலபம்: அந்தப் பாக்டீரியா எஃகுத் தொட்டிக்குள் இருக்கிறது. வேண்டாமென்றால் தொட்டியைச் சூடாக்கிக் கொன்றுவிடலாம்.

"ஆய்வுக்கூடத்துல உயிரையே படைச்சுட்டாங்களாமே, உண்மையா?"

2010இல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழு அப்படித்தான் பரபரப்பாக்கியது. ஒரு சிறிய பாக்டீரியாவின் ஏறத்தாழ 10.8 லட்சம் எழுத்து நீளமுள்ள முழு டி.என்.ஏ.வையும் ரசாயனமாகத் தயாரித்து, அதன் உறவுக்கார பாக்டீரியாவின் செல்லுக்குள் வைத்தார்கள். செல் பெருகியது, புது எழுத்துப்படி நடந்தது. நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, குழுவினர் தங்கள் பெயர்களையும் அந்த டி.என்.ஏ.வில் சங்கேதமாக எழுதி வைத்தார்கள். ஆனால் பாத்திரம் அவர்கள் செய்ததல்ல. செல்லின் சவ்வு, உள்ளே புரதம் செய்யும் பொறி எல்லாம் ஏற்கெனவே உயிரோடிருந்த செல்லிடம் வாங்கிய கடன். நகல் எடுத்ததும் அநேகமாக இயற்கையில் இருந்த எழுத்தைத்தான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2016இல் நடந்தது. அதே குழு, இதற்கும் கீழே போனால் உயிர் பிழைக்காது என்ற அளவுக்கு மரபணுக்களைக் குறைத்துக்கொண்டே போய் 473இல் நிறுத்தியது. அதில் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அவர்களுக்கே அப்போது தெரியவில்லை. எடுத்தால் செல் செத்துப்போகிறது, ஏன் என்று தெரியாது. உலகிலேயே எளிய ஒரு உயிரைக் கட்டியவர்களுக்கு அதன் மூன்றில் ஒரு பங்கு புரியவில்லை. அந்த அம்மாவின் கேள்விக்கு நான் கொடுக்கும் மரியாதை இதனால் கூடத்தான் செய்தது.

"பாக்டீரியாவைப் பத்தி யாரும் கவலைப்பட மாட்டேங்குறாங்க, பன்னியைப் பத்தி மட்டும் ஏன்?"

ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பழசு. நரம்பே இல்லாத ஈஸ்டுக்கு வலி என்று ஒன்று இருக்க வழியில்லை. இட்லி மாவில் தினம் கோடிக்கணக்கில் அவிக்கிறோம். பன்றி அப்படியல்ல. அது பயப்படும், ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாண்டில், பத்து மரபணு மாற்றங்கள் செய்த ஒரு பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் இருந்தார். உறுப்புக்காகவே பன்றியைப் பிறக்க வைத்து, கிருமி படாமல் மூடிய அறையில் வளர்த்து, அறுப்பது சரியா? தட்டில் பன்றிக்கறி வைத்திருப்பவர் இதற்கு மட்டும் தயங்கினால் அவர் கணக்கு உதைக்கிறது. கறியே தொடாதவர் தயங்கினால் அதில் நியாயம் உண்டு. சிறுநீரகத்துக்கு வரிசையில் நிற்கும் என் மாமா ஒருவர் சைவம். "கிடைச்சா வாங்கிப்பேன், ஆனா பன்னிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு" என்றார். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

"தக்காளியில மீன் ஜீன் போட்டாங்களாம், கத்தரிக்காயில பாக்டீரியா ஜீனாம். அப்போ அது சைவமா அசைவமா?"

மீன் மரபணுத் தக்காளி, குளிர் தாங்கவேண்டும் என்று அமெரிக்காவில் செய்து பார்த்தது. ஆய்வோடு நின்றது, கடைக்கு வரவில்லை. கத்தரியில் வைத்தது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணு. பி.டி. என்பது அதன் சுருக்கம்தான். இயற்கை விவசாயம் செய்கிறவர்களே அந்தப் பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பதுண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழில்நுட்பம் ஒரு அசைவத்தைச் சைவமாக்கியும் இருக்கிறது. பாலாடைக்கட்டி, அதாவது சீஸ், திரிவதற்குச் சேர்க்கும் நொதியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்துதான் எடுத்துவந்தார்கள். 1990இலிருந்து மரபணு மாற்றிய நுண்ணுயிர்களே அதைச் செய்துதருகின்றன. கன்று தப்பித்தது. சைவமா இல்லையா என்பதைக் கடைசியில் சாப்பிடுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். அதற்கு பாக்கெட்டில் எழுதியிருக்கவேண்டும், அவ்வளவே.

"பி.டி. கத்தரியை நிறுத்துனாங்களே, ஆபத்துன்னு நிரூபணம் ஆயிடுச்சா?"

இல்லை. ஆபத்தே இல்லை என்பது எல்லாருக்கும் திருப்தியாகும்படி நிரூபணமாகவில்லை என்பதுதான் காரணம். இரண்டும் ஒன்றல்ல. 2009 அக்டோபரில் மரபணு மாற்றப் பயிர்களுக்கான மத்திய ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் பொதுக்கூட்டம் வைத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையின்றி நிறுத்தினார். பருத்தி உடுத்துவது, கத்தரி வாயில் போடுவது. அதோடு கத்தரிக்காய் இந்த மண்ணுக்கே உரிய பயிர், நூற்றுக்கணக்கில் நாட்டு ரகங்கள், மகரந்தம் பூச்சிகளோடு போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் மதுரை 1 உள்ளிட்ட நம் ரகங்களிலேயே பி.டி. கத்தரி தயாரித்து வைத்திருந்தது, அதுவும் சேர்ந்தே நின்றது.

நிறுத்தி வைப்பது செலவில்லாத முடிவு என்று நினைக்கக்கூடாது. கத்தரியை நறுக்கும்போது உள்ளே கறுத்த ஒரு பாதை போகும், அதன் முனையில் வெளிர்சிவப்பாக ஒரு புழு சுருண்டிருக்கும். அந்தப் புழு கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் வாரத்துக்கு இரண்டு தடவை மருந்தடிக்கிறார்கள். அடிக்கிறவர் மூக்கில் துண்டு கட்டியிருப்பார், சில நாள் அதுவும் இருக்காது. வங்கதேசம் 2014இலிருந்து பி.டி. கத்தரி பயிரிடுகிறது. நான் அமைச்சராக இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? அன்றைக்கு நிறுத்தியிருப்பேன். ஆனால் இத்தனை வருடம் அந்த நிறுத்தத்தின்மேல் உட்கார்ந்திருக்க மாட்டேன். சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனைகளைச் செய்யச் சொல்லி ஒரு தேதி போட்டிருப்பேன்.

"காசு கொடுத்து வாங்கின விதை எனக்குச் சொந்தமில்லையா?"

உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை என்பதைத் திறந்துவிட்டது ஒரு வங்காளியின் வழக்கு. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெய்க் கசிவைத் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கினார். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. மனிதன் செய்தது என்றால் உயிரா உயிரில்லாததா என்பது பொருட்டல்ல என்றது. இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. நுண்ணுயிர் தவிர, தாவரத்துக்கும் விலங்குக்கும் இங்கே காப்புரிமை கிடையாது. 2001ஆம் ஆண்டுச் சட்டம், விளைந்ததிலிருந்து விதை எடுத்துவைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பிராண்டுப் பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

காகிதத்தில் சந்தோஷமான செய்தி. வயலில்? இந்தியாவில் விற்ற பி.டி. பருத்தி அநேகமாக எல்லாமே வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து மறுவருடம் போட்டால் ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, காய்ப்பும் சீராக இருக்காது. சட்டம் கொடுத்த உரிமையை விதையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. வக்கீல் நோட்டீஸ் தேவையே இல்லை.

"விவசாயிகிட்ட சொன்னபடி அவர் செய்யாததாலதான் பி.டி. பருத்தியில புழு திரும்ப வந்துச்சுன்னு சொல்றாங்களே?"

பேரையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக் கொட்டினார் பெரியவர். உள்ளே ஏழெட்டுச் சின்னப் பொட்டலங்கள், பிரிக்காமலே. அப்போது 450 கிராம் பி.டி. விதையோடு கூட வந்த 120 கிராம் சாதா விதை. வயலைச் சுற்றி அதை விதைக்கவேண்டியிருந்தது. விஷம் இல்லாத செடியில் கொஞ்சம் புழு பிழைக்கும், எதிர்ப்பு பெற்ற புழு அதோடு கூடும், பிறக்கும் குட்டிகள் பி.டி.க்கு மசியும். இதுதான் கணக்கு. அழகான கணக்குத்தான். பெரியவர் சொன்னார்: "இருக்கறது ரெண்டு ஏக்கர். அதுல புழுவுக்கு நான் எதுக்குத் தம்பி சோறு போடணும்?"

பி.டி. பருத்தி 2002இல் அனுமதி பெற்றது. பத்தாண்டு ஆவதற்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்பு காட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் பின்னாலேயே தாண்டியது. அமெரிக்காவில் அதே புழுவை ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள். அங்கே பி.டி. பருத்தி மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். இங்கே ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு காவல் வேலையை ஒரு பொட்டலத்தில் போட்டு, ரெண்டு ஏக்கர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு, அவர் செய்யவில்லை என்று குறை சொல்கிறோம். நட்டம் யார் தலையில் என்று மேலே கேட்டேனே, அந்தப் பரண்தான் பதில்.

"கொசுவை ஒரேயடியா ஒழிச்சா யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கும் ஒரு நட்டமும் இல்லை, கையில் அடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் முறையைக் கவனியுங்கள். சாதாரணமாக ஒரு மரபணு குட்டிகளில் பாதிக்குத்தான் போகும். 'ஜீன் டிரைவ்' என்ற உத்தியில் அது தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லாக் குட்டிக்கும் போகும். 2018இல் லண்டனில் கூண்டுக்குள் விட்ட மலேரியாக் கொசுக்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் மொத்தமாக அற்றுப்போயின. இது தொட்டியில் இருக்கும் இன்சுலின் பாக்டீரியா அல்ல. வெளியே விட்டால் பரவுவதுதான் அதன் வேலை. எல்லைச் சாவடியில் நிற்காது.

இன்னொரு பக்கம், மலேரியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேர் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். முடிவெடுக்கும் முதல் உரிமை அவர்கள் பெற்றோருக்குத்தான் என்பது என் கட்சி. புர்கினா ஃபாசோவில் 2019இல், ஜீன் டிரைவ் இல்லாத மலட்டு ஆண் கொசுக்களை ஒரு கிராமத்தில் விடுவதற்கே வருடக்கணக்கில் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். அப்படியும் 2025இல் அந்நாட்டு அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1970களில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து டெல்லிக்குப் பக்கத்துச் சோனிப்பட்டில் மலட்டுக் கொசு விட ஏற்பாடானது. ஊரில் யாருக்கும் சரியாக விளக்கவில்லை. கிருமிப்போர் ஒத்திகை என்று பத்திரிகையில் கிளம்பி, நாடாளுமன்றம்வரை போய், 1975இல் இழுத்து மூடினார்கள். அறிவியலில் பெரிய குறை இருந்ததாக இல்லை. கேட்காமல் செய்யப் பார்த்ததுதான் வினையாகியது.

"அழிஞ்சுபோன மிருகத்தைத் திரும்பக் கொண்டுவர்றது புண்ணியம்தானே?"

2025இல் 'டயர் ஓநாய்' திரும்பிவிட்டது என்று ஒரு அமெரிக்க நிறுவனம் படம் காட்டியது. உண்மையில் அது சாம்பல் ஓநாயில் 20 திருத்தங்கள் செய்தது. வேஷம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். புல்வெளி போனதால் வரையாடு குறைந்தது. புல்வெளியை மீட்காமல் ஆய்வகத்தில் ஆடு செய்தால் அதை எங்கே விடுவது?

"குழந்தை நோயோட பொறக்கறதைவிட கருவுலயே திருத்திடலாமே?"

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். நோயாளியின் உடம்பில் செய்யும் திருத்தம் அவரோடு முடிந்துபோகும். கருவில் செய்யும் திருத்தம் பேரன் பேத்திவரை போகும். முதல் வகை வந்தேவிட்டது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் சிக்கிள் செல் நோய்க்கு, ரத்தம் ஊறும் செல்களை எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. இதில் எனக்கு ஒரே ஒரு உறுத்தல். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். சிகிச்சையின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். கூடலூர் ஆஸ்பத்திரிக்கு அது எப்போது வரும்?

இரண்டாம் வகையை 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் ரகசியமாகச் செய்தார். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க என்று இரட்டைப் பெண் குழந்தைகளின் கருவில் ஒரு மரபணுவைக் கெடுத்தார். தந்தைக்குத்தான் எச்.ஐ.வி. அது குழந்தைக்கு வராமல் தடுக்க ஏற்கெனவே எளிய வழி இருந்தது. திருத்தமும் நினைத்தபடி விழவில்லை. அவருக்கு மூன்று வருடச் சிறை. அந்தக் குழந்தைகள் வாழ்நாளெல்லாம் சோதனைக்கு உட்பட்டவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

"நான் பொறந்ததிலிருந்து வீல்சேர்லதான் இருக்கேன். என்னை மாதிரி ஆளே இனி வேண்டாங்கிறீங்களா?"

ஒரு கல்லூரி மாணவி, மைக்கிலேயே கேட்டது. அரங்கம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கு நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன், நல்ல பதில் இல்லை. இப்போது சொல்வதானால்: வலியைக் குறைக்க நினைப்பது ஒன்று, ஆளைக் குறைக்க நினைப்பது வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் வேலி இல்லை, நழுவிப்போவது எளிது.

எது கெட்ட மரபணு என்பதும் நாம் நினைப்பதுபோல் எழுதி ஒட்டியிருப்பதில்லை. மேலே சொன்ன சிக்கிள் செல் மரபணு இரண்டு பிரதி இருந்தால் நோய். ஒன்றே இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. அதனால்தான் காட்டுப் பகுதிகளில் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. அந்த மாணவி போகும்போது, "சார், இந்த ஆடிட்டோரியத்துக்குச் சரிவுப்பாதை இல்லை. ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க" என்றார். மரபணுவைத் திருத்த லட்சக்கணக்கில் டாலர். சரிவுப்பாதைக்கு நாலு மூட்டை சிமென்ட்.

"இதையெல்லாம் விஞ்ஞானிகளே பேசி முடிவெடுத்துட்டா போதாதா?"

1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. தங்கள் ஆராய்ச்சியையே தாங்களே நிறுத்திவைத்துவிட்டு வந்து, எவ்வளவு ஆபத்தான சோதனைக்கு எவ்வளவு பூட்டு என்று வகுத்தார்கள். பாராட்டவேண்டிய காரியம். ஆனால் கிருமி ஆயுதம், மனித மரபணுவில் கை வைப்பது இரண்டையும் பேச்சிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். தீர்க்கமுடிந்ததை மட்டும் பேசினார்கள்.

2002இல் போலியோ வைரஸை, தபாலில் வரவழைத்த டி.என்.ஏ. துண்டுகளிலிருந்து நியூயார்க்கில் ஒரு குழு செய்துகாட்டியது. ஆக, ஒதுக்கி வைத்தது வாசலுக்கு வந்துவிட்டது. விஞ்ஞானிகள் எச்சரிப்பதும் உண்டு. இயற்கை உயிரின் கண்ணாடிப் பிம்பம்போல மூலக்கூறுகள் திரும்பியிருக்கும் பாக்டீரியாவைச் செய்யவே வேண்டாம் என்று 2024 டிசம்பரில் 38 பேர் சேர்ந்து எழுதினார்கள், அதைச் செய்ய முயன்றவர்களும் அதில் அடக்கம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது தென்படாமலே போகலாம் என்பது பயம். எச்சரிக்கவாவது அவர்கள் வேண்டும். முடிவுக்கு பரணில் பொட்டலம் வைத்திருக்கும் பெரியவரும் வேண்டும்.

"அதெல்லாம் சரி, நீங்க சாப்பிடுவீங்களா?"

இதைக் கேட்டவர் என்னை ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போய், இரண்டு பருத்திப்பாலுக்குச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். மதுரையில் மாலையானால் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி விற்பார்கள். நாட்டில் பருத்தி விளையும் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் பி.டி. தான். அந்தக் கொட்டை எந்த ரகம் என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். "பருத்திக்கொட்டைண்ணே" என்றார்.

நான் குடித்தேன். விஷயம் தெரிந்ததும், கூட்டிவந்தவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "வீட்டுல மாட்டுக்கும் இந்தப் புண்ணாக்குத்தானே போடுறோம்?" என்றார். ஆமாம் என்றேன். 2025 மே மாதம் அரசு அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களும் அரிசியாகக் கடைக்கு வரும்போது மூட்டையில் அப்படி எழுதியிருக்குமா என்று அடுத்துக் கேட்டார். வெளி மரபணு சேராத திருத்தங்களுக்கு 2022லேயே பழைய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். எழுதினால் நல்லது என்றேன். "நல்லதுன்னா எழுதுவாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, மீதியைக் குடித்து முடித்தார்.